தங்கையாவின் ஞாயிற்றுக்கிழமை

தங்கையா விழவில்லை. இதை மங்கையர்க்கரசி எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாளோ தெரியாது. வழுக்கி விழுந்தாரா, படியில் சறுக்கினாரா, மாடு முட்டிவிட்டதா என்று வரிசை வீடுகளான லயத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. மனிதர் பலாங்கொடைச் சந்தையிலிருந்து திரும்பி வரும்போது திரீவீலரின் பின் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, குழிகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் ரோடு. ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியது. "யம்மாடி" என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மங்கை, நாக்கைக் கடித்துக்கொண்டாராக்கும் என்று நினைத்தாள். லயத்து வாசலில் இறங்கச் சொன்னபோதுதான் மனிதரால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை என்று தெரிந்தது.

"ஒக்காந்திருந்தவருக்கு எப்புடிடி முதுகு ஒடையும்? யாரோ செஞ்சி வச்சிட்டாங்க" என்றாள் அடுத்த காம்பரா வீட்டு மருதாயி. எழுபதைத் தாண்டிய, பென்ஷனும் இல்லாத, பீடிக் கட்டைத் தவிர வேறு சொத்தில்லாத ஒரு கிழவருக்குச் செய்வினை வைத்து யார் கோட்டை கட்டப் போகிறார்கள்? ஆனால் மருதாயியிடம் அதையெல்லாம் பேச முடியாது. அவள் வாய்க்குக் கதவே கிடையாது.

மங்கைக்குத் தங்கையா மாமனார். அதற்கும் முன்னால் தாய்மாமன், அம்மாவுடன் பிறந்த அண்ணன். மாமன் மகன் உதயராஜையே கட்டிக்கொண்டு, பிறந்த லயத்திலிருந்து எதிர் லயத்துக்குக் குடிவந்தவள் அவள். பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறாள். பிள்ளை இல்லை. உதயராஜ் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் வாசலில் இருந்தால் அவள் அடுப்படியில். அவர் உள்ளே வந்தால் அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே. மரியாதை என்றால் அப்படி.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் ஒன்று, மிதிபட்ட தீப்பெட்டி மாதிரி நசுங்கிப்போயிருந்தது. டாக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, சின்ன வயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து அவளும் களைத்துத்தான் இருந்தாள். மங்கைக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு என்பதால் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். வயதானால் எலும்பு உள்ளுக்குள்ளேயே கரைந்துவிடுமாம். விழவே வேண்டியதில்லை, குனிந்தாலும் குலுங்கினாலும் போதுமாம்.

"சேருமா டாக்டர்?" என்று மங்கை கேட்டாள்.

"எலும்பு அதுபாட்டுக்குச் சேரும் அக்கா. அதில் எனக்குப் பயமில்லை. இந்த மாதிரி முதுகு உடைந்தவர்கள் முதுகால் சாவதில்லை. படுக்கையால் சாகிறார்கள்."

டாக்டர் விடவில்லை. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். சாப்பிடாவிட்டால் இருக்கிற சதையும் கரைந்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் மறுபடி படுக்கைக்கே போவார்கள். பெண்களுக்குத்தான் இது அதிகம் வரும், ஆனால் வந்தால் தாங்காமல் போவது ஆண்கள்தான். அதிலும் மெலிந்த உடம்பு, பீடி குடித்த நெஞ்சு, முன்னாலிருந்தே மூச்சிழுப்பு இருப்பவர்கள் என்றால் முதல் வருடம் மிகவும் கவனம். "சீயாவுக்கு இதில் இல்லாதது எது?" என்று கிழவரைப் பார்த்துக் கேட்டாள். தாத்தாவைத்தான் சிங்களத்தில் சீயா என்பார்கள். சீயா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என்ன செய்யணும்?"

"முதுகுக்குத் தந்த பெல்ட்டைக் கட்டி எழுப்புங்கள். தினமும் நடக்க வையுங்கள். முட்டை, மீன், பருப்பு கொடுங்கள். தண்ணீர் குடிக்கட்டும். பீடியைத் தூக்கி எறியுங்கள். சாப்பாடுதான் அக்கா இவருக்கு மருந்து."

அந்தக் கடைசி வார்த்தையை மங்கை முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இந்த மனிதரைச் சாகவிடக் கூடாது. அம்மாவோடு கூடப் பிறந்தவர்களில் மிச்சமிருந்த ஒரே உயிர் அவர்தான்.

உதயராஜ் லீவு போட்டு வந்து ஒரு வாரம் நின்றான். அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போனான், குளிப்பாட்டினான். போகிறதுக்கு முன்னால் பலாங்கொடையில் ஹுஸைன் கடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கி, உட்காரும் இடத்தில் வட்டமாக அறுத்து, கீழே வாளியை வைத்து, "இதுல ஒக்காருங்கப்பா, மங்கை பாத்துக்கும்" என்றான். கிழவர் அந்தக் கதிரையைப் பார்த்த பார்வையில் கதிரைக்கே வெட்கம் வந்திருக்கும். அன்றிலிருந்து அதன்மேல் துவைத்த துணி மடித்து வைக்கப்பட்டது. மூத்திரத்துக்குக் கட்டிலடியில் ஒரு போத்தல். அதை மங்கை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மற்றதற்கு, மருதாயியின் மகன் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளில் வந்து தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நல்ல பையன், எருமைக்கன்று மாதிரி பலம். மற்ற நாளில் வேண்டுமென்றால் கூப்பிடுவார் என்று மங்கை இருந்தாள், படுத்திருப்பவருக்கு வயிறு இறுகுவது சகஜம் என்றார்கள்.

இனி மங்கையின் நாள் எப்படிப் போனது என்று சொன்னால் கேட்கிறவருக்கே கொட்டாவி வரும். கோழி கூவுவதற்கு முன்னால் அடுப்பு. ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, அவருக்கு மட்டும் ஒரு முட்டை அவித்து, பெல்ட் கட்டி உட்கார வைத்து, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓட வேண்டும். மலையில் கூடை முதுகைப் பிடித்து இழுக்கும். மத்தியானம் ஓடிவந்து சோறு வைத்துவிட்டு மறுபடி மலை. சாயந்திரம் தண்ணீர், விறகு, துணி. படுத்தால் கால் இரண்டும் தன்னுடையதா என்றே சந்தேகம் வரும். இதற்கு நடுவே நோய் பார்க்க வருகிறவர்கள். மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பார்கள், இந்த விருந்து மூன்று வாரமாகியும் ஓயவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு புத்திமதியும் கொண்டுவந்தார்கள். பாக்கெட் சின்னதாக இருக்க இருக்கப் புத்திமதி பெரிதாக இருந்தது.

"அண்ணே, அசைஞ்சிறாதீங்க. அப்புடியே மல்லாக்கப் படுங்க" என்று மருதாயி கட்டிலருகில் சம்மணம் போட்டு உத்தரவு போடுவாள். "முட்டை வாய்வு. தயிரு சளி. வாழப்பழம் பக்கத்துலயே வரக் கூடாது. கஞ்சித் தண்ணி போதும், பத்தியம் இருந்தாத்தான் எலும்பு கூடும்."

"டாக்டர் நடக்கணும், நல்லா சாப்புடணும்னு சொன்னாங்கக்கா."

"டாக்டருக்கு என்னா தெரியும்? அது சின்னப் புள்ள. முதுகு அதுக்கா ஒடஞ்சிச்சி?"

மங்கை வாயை மூடிக்கொண்டாள். சண்டை போடவும் தெம்பு வேண்டும் அல்லவா? மருதாயி போன பிறகு முட்டையை உரித்துத் தட்டில் வைப்பாள். "வச்சிட்டுப் போ புள்ள, பொறவு தின்னுக்கிறேன்" என்பார் தங்கையா. அவள் திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். அதைப் பார்க்கும்போது மட்டும்தான் அவளுக்கு அந்த நாளில் ஒரு நிம்மதி.

ஆனால் தட்டு காலியாகக் காலியாக மனிதரும் காலியாகிக்கொண்டிருந்தார். சாரத்தை இடுப்பில் எவ்வளவு இறுக்கி மடித்துக் கட்டினாலும் நழுவியது. கன்னம் உள்ளே போய்ப் பல் வெளியே வந்தது. எழுப்பி நடக்க வைக்கலாம் என்று கூப்பிட்டால், "கண்ண இருட்டுது புள்ள, நாளைக்கிப் பாப்பம்" என்பார். நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிளேன்டீ கொடுத்தால் ஒரு வாய் நனைத்துவிட்டு வைத்துவிடுவார். இவ்வளவும் தின்கிற உடம்பு ஏன் இப்படி உருகுகிறது? உள்ளே வேறு ஏதாவது வியாதியா? டாக்டர் சொன்ன அந்த முதல் வருடம் முடிய இன்னும் எவ்வளவோ இருந்தது. இந்தப் போக்கில் போனால் தைப்பொங்கல்கூடக் காண மாட்டார் என்று மங்கைக்குத் தோன்றியது. மலையில் கொழுந்து பறிக்கும்போது லயத்துப் பக்கமிருந்து யாராவது சத்தமாகக் கூப்பிட்டாலே நெஞ்சு திக்கென்றது.

"ஒங்க மாமன் காயிறாரு, ஒங்க நாய் கொழுக்குது" என்று மருதாயி ஒரு நாள் வேடிக்கையாகச் சொன்னாள். உண்மைதான், எலும்புக்கூடாகத் திரிந்த மங்கை வீட்டு நாய் டைகருக்கு வயிறு பளபளவென்று இருந்தது. பக்கத்து வீட்டுக் குப்பையில் மேய்கிறது போல என்று மங்கை நினைத்தாள்.

பிறகு ஒரு காலை, பெரட்டுக்களத்தில் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து கதவைத் தள்ளினாள். தங்கையா கட்டில் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கை கீழே தொங்கியது. அந்தக் கையிலிருந்து டைகர், அவித்த முட்டையைப் பதவிசாகத் தின்றுகொண்டிருந்தது. ரொட்டி ஏற்கனவே போய்விட்டது.

"மாமா!"

நாய் ஒரே பாய்ச்சலில் வெளியே ஓடியது. கிழவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். களவு பிடிபட்ட சின்னப் பையன் மாதிரி முழித்தார்.

"எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"பசிக்கல புள்ள."

"பசிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லணும். நான் விடியக்காலையில எந்திரிச்சி வேகுறது இந்த நாய்க்கா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மங்கை படங்கை எடுக்கவில்லை, அப்படியே நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "தின்னா போவணுமில்ல."

"எங்க போவணும்?"

"அந்தப் பய ஞாயித்துக்கெழமதான வருவான்."

மங்கைக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தன்னைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆண்பிள்ளை வருவான் என்பதற்காக, திங்களிலிருந்து சனி வரை வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார் மனிதர். போத்தல் நிறையாமல் இருக்கத் தண்ணீரையும் குறைத்திருக்கிறார். சனிக்கிழமை இரவு மட்டும் கொஞ்சம் சாப்பிடுவார், அதைக்கூட அவள் பெருமையாகக் கவனித்திருக்கிறாள். அடப் பாவி மனுசா!

"ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மாமா?"

"ஒங்கிட்ட எப்புடி சொல்றது? நீ மருமக. மருமகளப் பீ அள்ள வச்சான் தங்கையான்னு சொல்லுவானுங்க. அத விட இப்புடியே போய்ச் சேந்துறலாம்."

அவ்வளவுதான், மங்கைக்குள் இத்தனை வாரமாக அடைத்துக் கிடந்தது எல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "போய்ச் சேருங்க! நல்லா போய்ச் சேருங்க! செத்தா என்னா சொல்லுவானுங்கன்னு தெரியுமா? மங்கை சோறு போடாம மாமன கொன்னுட்டான்னு சொல்லுவானுங்க. இந்த மருதாயி அக்காவே மொதல்ல சொல்லும். நீங்க நிம்மதியா போயிருவீங்க. அந்தப் பேர வச்சிக்கிட்டு இந்த லயத்துல இருக்க வேண்டியது நானு. ஒங்களுக்கு ஒங்க மானம் பெருசு. ஏம் மானம் எங்க போச்சி?"

கிழவர் திடுக்கிட்டுப் பார்த்தார். மருமகள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

"மருமகளாம் மருமக! அதுக்கு முன்னாடி நான் யாரு? ஒங்க தங்கச்சி மக. ஒங்க மடியில வச்சித்தான எனக்குக் காது குத்துனாங்க? அன்னைக்கு ஒங்க புது வேட்டியில ஒண்ணுக்குப் போயிட்டேன்னு அம்மா சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். என்னையத் தூக்கி எறிஞ்சீங்களா? ஈர வேட்டியோட பந்தியில ஒக்காந்து சாப்புட்டீங்கல்ல?"

"அது கொழந்தடி."

"நீங்க கெழவன். அவ்ளோதான் வித்தியாசம்."

தங்கையாவின் முகம் கோணிற்று. அழுகிறாராக்கும் என்று மங்கை பயந்துபோனாள். பார்த்தால் சிரிப்பு. சிரித்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. "சிரிக்க வைக்காத புள்ள, உசுரு போவுது" என்று முனகினார். சிரிப்பும் முனகலும் அடங்கிய பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மங்கை அன்று மலைக்குப் போகவில்லை. பேர் வெட்டினால் வெட்டட்டும், நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று அடுப்பை மூட்டினாள். இன்னொரு முட்டை அவித்து, பருப்பும் சோறும் பிசைந்து, நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அவர் கடைசிப் பருக்கை வரை தின்று முடிக்கிற வரைக்கும் எதிரில் குந்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் கக்கூசுக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. பெல்ட்டைக் கட்டினாள். "தோளப் பிடிங்க" என்றாள். அவர் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தார். அவளே அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் போட்டாள். உமி மூட்டை மாதிரி கனமே இல்லாத கை. பின்கதவால் இறங்கி, சாக்கடைக் கானோரமாக மெள்ள நடந்து, நடுவில் நின்று மூச்சு வாங்கி, ஒருவழியாகக் கக்கூசு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மங்கை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து சத்தம் கேட்டால் மனிதர் கூசிப்போவார் என்று, பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மருதாயியிடம் வலியப்போய் உரக்கப் பேச்சுக் கொடுத்தாள்.

"காலம் கெட்டுப்போச்சிடி மங்கை" என்றாள் மருதாயி, கக்கூசுக் கதவைக் கண்ணால் காட்டி.

"ஆமாக்கா, ரொம்பக் கெட்டுப்போச்சி. நீங்க நாளைக்கி வந்து பிடிக்கிறீங்களா?"

மருதாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். லயம் முழுக்க அன்றைக்கு அதே பேச்சு. மறுநாள் கொஞ்சம் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் வேறொரு வீட்டுப் பெண் யாருடனோ போனில் பேசுகிறாள் என்று செய்தி வந்ததும் தங்கையாவின் கக்கூசு விவகாரம் தானாக அடங்கிவிட்டது. பிறகு மருதாயியே தன் கோழி இட்ட முட்டைகளைச் சேலைத் தலைப்பில் கொண்டுவந்து கொடுத்தாள். வாய்வும் பத்தியமும் எங்கே போயினவோ, அவளும் சொல்லவில்லை, மங்கையும் கேட்கவில்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கூன் விழுந்தது விழுந்ததுதான், நிமிரவில்லை. அடைமழையில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தபோது, இதோடு முடிந்தது என்று மங்கை குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி அனுப்பினார்கள். படுக்கையோடு கிடந்திருந்தால் இந்தச் சளி கொண்டுபோயிருக்கும் என்றாள் அதே சின்ன டாக்டர். "இன்னும் வருடம் முடியவில்லை அக்கா, விட்டுவிடாதீர்கள்" என்றும் சொன்னாள். பீடியை விட்டார் என்று சொன்னால் அது பொய். ஒளித்துவைத்து ஒன்றிரண்டு இழுத்தார், கையும் களவுமாகப் பிடித்து மங்கை பிடுங்கி அடுப்பில் போட்டாள். காலையில் ஒரு நடை, சாயந்திரம் ஒரு நடை. வேலைக்குப் போகும் முன் ஒன்று, வந்து கூடையை இறக்கிய கையோடு ஒன்று. தோள் கன்றிப்போனது. ஒரு பக்கம் கூடைக் கயிறு, மறுபக்கம் மாமனின் கை. ஒரு நாளாவது யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்களா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. இதை யாரிடம் சொல்ல? சொன்னால் கிழவரைப் பாரமாக நினைக்கிறாள் என்பார்கள். நினைத்தாள்தான். பாரமாக இல்லாததைப் பாரம் என்று யாராவது சொல்வார்களா?

தீபாவளிக்கு உதயராஜ் லீவில் வந்தான். அப்பா தட்டில் மறுசோறு வாங்கித் தின்பதைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கியது. மங்கை கலங்கவில்லை, அவளுக்குக் கணக்கு வேறு. "இந்தாங்க, நீங்க இருக்கிற வரைக்கும் காலையில மாமாவ நீங்க கூட்டிப் போங்க. நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்றாள். "அதுக்கென்னா, நீ நல்லா தூங்கு" என்றான் அவன்.

விடிந்து, வெளிச்சம் ஓட்டை வழியாக உள்ளே வந்த பிறகும் மங்கை எழவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படிக் கிடந்ததில்லை. உடம்பு பாயோடு பாயாக இளகிக் கிடந்தது. அடுத்த அறையில் கட்டில் முனகியது. உதயராஜ் எழுந்து போவது கேட்டது.

"வாங்கப்பா. எந்திரிங்க. ஏந் தோளப் பிடிங்க."

கொஞ்சம் இழுபறி. பிறகு தங்கையாவின் குரல், வாசல் வரைக்கும் கேட்கிற கம்பீரத்தோடு: "நீ வேணாம்டா, விடு. ஒனக்குப் பிடிக்கத் தெரியாது. எங்கயாச்சும் கொண்டுபோய்ச் சாய்ச்சிருவ. மங்கைய வரச் சொல்லு."

"அப்பா, அவ தூங்குறா. நான் ஒங்க மகன், என்ட்ட என்னா கூச்சம்?"

"கூச்சமும் இல்ல, கீச்சமும் இல்ல. அவ வந்தா போறேன். இல்லாட்டி இப்புடியே ஒக்காந்திருக்கிறேன்."

உதயராஜ் வந்து வாசல்படியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மங்கை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு காலை, ஒன்றே ஒன்று, அதுகூடத் தன் தலையில் எழுதவில்லையா? தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பல்லைக் கடித்துச் சொன்னாள்: "இந்தக் கெழவன் இப்போதைக்குச் சாவ மாட்டான்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. இத்தனை மாதமாக நம்பிச் சொல்லத் துணியாத வார்த்தை, திட்டாக வாயில் வந்திருந்தது. சிரிப்பு வந்தது. எழும்ப வேண்டுமே என்று அழுகையும் வந்தது.

"மங்கை! எங்கடி போன?" என்று உள்ளிருந்து கூப்பிட்டார் தங்கையா.

"வாறேன் மாமா" என்று கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள்.